கேட்காமல் தூக்கிய கதிரை

மகன்,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்கமாட்டேன். சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்குக் கோபம் இன்னும் கூடும். இதை ஒரு உறைக்குள் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் தந்திருக்கலாம். ஒஸ்லோவில் எங்கள் புருசெத்தில் இருந்து நீ இருக்கிற எல்லிங்ஸ்ருட் ஒரு ஸ்டேஷன் தூரம்தானே, நடந்தே வந்து உன் தபால் பெட்டிக்குள் போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் சங்கத் தலைவர் உன்னைப் பற்றித் தமிழ் வானொலியில் ஊருக்கே கேட்கக் கதைத்துவிட்டார். அப்படியானால் உன் அப்பனும் ஊருக்கே கேட்கத்தான் கதைப்பான். அதனால்தான் இதை எங்கள் ஆட்களின் மாதப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்துவதாக ஆசிரியர் சொன்னார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை கொடுத்தவனின் எழுத்து, மனிதர் நன்றாகக் கஷ்டப்படுவார். பிழையைத் திருத்துங்கள், ஏச்சைத் திருத்தவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேரில் கதைக்கலாமே என்று அம்மா கேட்டாள். நேரில் கதைத்தால் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும். உன் தலையில் மயிர் குறைவதைப் பற்றி நான் ஒரு பகிடி விடுவேன், என் தொப்பையைப் பற்றி நீ ஒரு பகிடி விடுவாய், அம்மா தேத்தண்ணீர் கொண்டுவருவாள், கதைக்க வந்த விஷயம் மேசைக்குக் கீழே போய்ப் படுத்துவிடும். இந்த விஷயத்தை நான் படுக்க விடப்போவதில்லை. வருகிற தையில் நீ மாப்பிள்ளை. அதற்கு முன்னால் உன்னை ஒரு முறை முழுசாக ஏசி முடிக்கவேண்டும். பிறகு ஏசுகிற உரிமை மதுராவுக்குப் போய்விடும்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் இதை வாசிக்கிறவர்களுக்குத் தலைவர் சொன்ன பக்கம்தான் தெரியும். அதனால் தொடக்கத்தில் இருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். இரண்டு வயதுக் காய்ச்சலோடு உன் கால்கள் நின்றுபோயின. நீயும் அம்மாவும் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது உனக்கு ஆறு வயது. விமான நிலையத்தில் ஒரு சக்கர நாற்காலி தந்தார்கள். நான் அதற்குச் சில்லுக் கதிரை என்று பெயர் வைத்தேன், இன்றைக்கும் எங்கள் வீட்டில் அது சில்லுக் கதிரைதான். அதற்குப் பிறகு நீ நாலு ஐந்து கதிரை மாற்றிவிட்டாய். நான் ஒரு சப்பாத்தைக்கூட அவ்வளவு விருப்பமாக மாற்றியதில்லை. உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, புருசெத் கடைத்தெருவில், பனி குவிந்து கிடந்த இடத்தில் நீ நின்று யோசித்துக்கொண்டிருந்தாய். பின்னால் வந்த ஒரு வெள்ளைக்கார மனிதர் நல்ல மனதோடு கதிரையைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினார். நீ கையால் சில்லை இறுக்கிப் பிடித்து நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்த்து, நொர்வேஜிய மொழியில் சொன்னாய்: "நான் சாமான் வண்டி இல்லை. எந்தப் பக்கம் போகப்போகிறேன் என்று நானே இன்னும் முடிவு செய்யவில்லை." அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டார். அம்மாவுக்கு வெட்கம். எனக்கு வந்த சிரிப்பில் கையில் இருந்த பால் பெட்டி விழுந்து உடைந்தது. அந்தப் பெடியன் எங்கே போனான் என்றுதான் இப்போது கேட்கிறேன்.

இனி நீதவான். அவர் பெயரை எழுதமாட்டேன், ஊருக்கே தெரியும். அந்தக் காலத்தில் அவர் இளம் வழக்கறிஞர். எங்களைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று குடிவரவு அலுவலகத்தில் முடிவான பிறகு, சம்பளத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்காமல் எங்கள் ஆட்களுக்காக எழுதி எழுதிப் போராடிய மனிதர். எனக்கு இங்கே இருக்கிற உரிமை அவர் வாங்கித் தந்தது. நீ இங்கே வந்ததும் அதனால்தான். ஒவ்வொரு யூலுக்கும், அதுதான் இங்கத்தைய நத்தாருக்கு, அம்மா செய்கிற பயத்தம் பணியாரத்தில் முதல் பெட்டி அவர் வீட்டுக்குப் போகும். நானே ட்ராமில் கொண்டுபோய்க் கொடுப்பேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் உன் வாயை அடைத்தார்கள்.

பிறகு அவர் நீதவான் ஆனார். சில்லுக் கதிரைக்காரரின் உரிமைக்காக நிற்கிற உங்கள் கூட்டத்துத் தலைவி மாரித், அவளும் சில்லுக் கதிரைக்காரிதான், ஒரு நாடகம் பார்க்கப் போனாள். வாசலில் படி. வேலைக்காரர்கள் வந்து, தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். அவள் மாட்டேன் என்றாள். நுழைவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றுவிட்டு வழக்குப் போட்டாள். அந்த வழக்கு இவரிடம் வந்தது. தூக்கிக்கொண்டு போக ஆட்கள் ஆயத்தமாக இருந்தபோது கதவு அடைக்கப்பட்டது என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பு எழுதினார். கட்டடங்களுக்குச் சில்லு ஏறுகிற சாய்வான ஏறுவழி வைக்கவேண்டும் என்று சட்டம் வரப்போகிறது, வரப்போகிறது என்று இப்போதுதான் கதைக்கிறார்கள். அந்தச் சட்டம் வந்தால் அதை விளங்கப்படுத்தப் போகிறவர்கள் மேல்நீதிமன்றத்து நீதவான்கள். அந்த மேல்நீதிமன்றத்துக்கு இவர் பெயர் போயிருக்கிறது. இவர் வேண்டாம் என்று உங்கள் கூட்டம் நியமனக் குழுவுக்கு எழுதியது. எழுதியவர்களில் நீயும் ஒருவன். இதுவரைக்கும் நொர்வேக்காரர் விஷயம். இதற்குள் தமிழன் எப்படி வந்தான் என்றால், எங்கள் பொன்னாடையாலும் எங்கள் மேடையாலும் வந்தான்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெரிய மனிதர் கையில் கிடைத்தால் போதும், மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தாமல் விடமாட்டார்கள். சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நீதவான் ஐயாதான் சிறப்பு விருந்தினர். வேலையில் நல்ல பெயர் எடுத்த இளைஞன் என்று உனக்கும் ஒரு கேடயம். நீ ஒரு கிழமைக்கு முன்னாலேயே தலைவருக்கு ரெலிபோன் எடுத்து, மேடையில் ஏறுவழி இல்லை, நான் கீழே நின்றே வாங்குகிறேன், மைக்கைக் கீழே தாருங்கள் என்று சொன்னாய். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "ஓம் தம்பி, ஓம், அதுக்கென்ன" என்று அவர் சொன்னதும் எனக்குக் கேட்டது.

அன்றைக்கு நான் மண்டபத்துக் குசினியில் வடை பொரித்துக்கொண்டிருந்தேன். உன் பெயரைக் கூப்பிட்டது கேட்டு, கரண்டியோடு வாசலுக்கு வந்து பார்த்தால், கோட்டுப் போட்ட நாலு பேர் உன்னைச் சுற்றி நிற்கிறார்கள். நீ கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்கிறாய். தலைவர் மேடையில் நின்று மைக்கில் சொல்கிறார்: "தம்பி வெக்கப்படுறார். எங்கடை பிள்ளையை நாங்கள் தூக்காமல் ஆர் தூக்கிறது? தூக்குங்கோடாப்பா!" சாமி தூக்குவதுபோல் தூக்கினார்கள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பின்வரிசையில் ஒரு மனுசி அரோகரா என்றே சொன்னாள், பகிடிக்குச் சொன்னாளோ பக்தியில் சொன்னாளோ தெரியாது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை உன்னிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெறுமையாக இருந்தது. சுங்கப் பகுதியில் பெட்டி திறந்து சோதிக்கப்படுகிறபோது எங்கள் ஆட்கள் முகத்தை எப்படி வைத்திருப்பார்களோ அப்படி. கேடயத்தை வாங்கினாய், நன்றி என்று ஒரு சொல் சொன்னாய். நான் உள்ளே போனபோது வடை கருகியிருந்தது. அந்தக் கருகிய வடையைத்தான் தலைவருக்குக் கொடுத்தேன்.

பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. உங்கள் கூட்டம் எதிர்க்கிறது என்று செய்தி வந்ததும் நிருபர்கள் நீதவானிடம் போனார்கள். அவர் என்ன சொன்னார்? நான் தீர்ப்பில் சொன்னதன் பொருளை ஒஸ்லோத் தமிழரிடம் போய்ப் பாருங்கள், நடக்க முடியாத ஒரு இளைஞரை அவருடைய மக்கள் எவ்வளவு அன்போடு மேடைக்குத் தூக்கிப் போனார்கள் என்று என் கண்ணால் பார்த்தேன், கைகள் இருக்கிற இடத்தில் எல்லாவற்றுக்கும் சட்டம் தேவையில்லை என்றார். நீ எனக்கு அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினாய். மறுநாளே அதே பத்திரிகைக்கு எழுதினாய்: அந்த இளைஞன் நான், என்னைத் தூக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன், அன்றைக்கும் சொன்னேன். அவ்வளவுதான் எழுதினாய். ஒருவரையும் ஏசவில்லை. நானாக இருந்தால் அந்த நாலு பேரின் கழுத்துப்பட்டியைப் பற்றியும் எழுதியிருப்பேன்.

ஊர் கொதித்தது. வெள்ளைக்காரனுக்கு முன்னால் எங்கள் மானத்தை வாங்கிவிட்டான், இங்கே இருக்கப் பேப்பர் வாங்கித் தந்த மனிதருக்குத் துரோகம் செய்துவிட்டான் என்றார்கள். தலைவர் என்னோடு கதைக்கவேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் புளொக்கில் லிஃப்ட் பழுது. அவருக்கு முழங்கால் ஏலாது, சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கிறார். கீழே நின்று மணி அடித்தார். நான் என்ன செய்தேன் என்று அம்மா உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள், அவளுக்கு இன்னும் என்னோடு கோபம். நான் குசினிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு டாக்ஸிக்கார ஹமீட்டையும் அவன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு கீழே போனேன்.

"இதிலை இருங்கோ தலைவர்."

"ஏன் அண்ணை, எனக்குக் களைப்பில்லை."

"நாலாம் மாடியெல்லோ. முழங்கால் ஏலாத ஆளை நாங்கள் நடக்க விடுவமோ? நீங்கள் இருங்கோ, நாங்கள் தூக்குறம்."

"சீச்சீ, வேண்டாம் அண்ணை. நான் மெல்ல மெல்ல ஏறுவன்."

"தலைவர் வெக்கப்படுறார். ஹமீட், பிடியடாப்பா!"

ஹமீட்டுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் கண்ணைத் தெரியும். அவனும் அண்ணனும் கதிரையை அவருக்குப் பின்னால் வைத்து முழங்காலில் ஒரு தட்டுத் தட்ட அவர் இருந்துவிட்டார். தூக்கினார்கள். நான் பின்னால் கையை மட்டும் வைத்திருந்தேன், மேற்பார்வை. முதல் திருப்பத்தில் நாயோடு இறங்கி வந்த மூன்றாம் மாடி அம்மையார் நின்று, எவ்வளவு நல்ல மனிதர்கள் நீங்கள் என்று எங்களைப் பார்த்துச் சொன்னாள். தலைவரை அவள் பார்க்கவே இல்லை. தலைவருடைய முகம் பீட்ரூட்.

"இறக்குங்கோ அண்ணை, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டுமேன். எங்கடை அன்பைப் பாக்கட்டும்."

"இறக்கெண்டு சொல்லுறன்! விழுத்திப் போடப்போறாங்கள்!"

"விழுந்தாலும் அன்போடைதான் விழுவியள், பயப்பிடாதேங்கோ."

"அண்ணை, பகிடி விடாதேங்கோ, எனக்கு நெஞ்சு படபடக்குது!"

இறக்கச் சொன்னேன். மிச்சப் படிகளை அவரே கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். நான் பின்னால் கதிரையோடு வந்தேன், தேவைப்பட்டால் இருக்க. வீட்டுக்குள் வந்து தேத்தண்ணீர் குடித்து மூச்சு வந்த பிறகு, "இப்ப விளங்கிச்சோ?" என்று கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அது வேறை, இது வேறை அண்ணை. எனக்குக் கால் இருக்கெல்லோ."

எனக்குக் கொதித்த கொதி அப்போதுதான் தொடங்கியது. அதுவரைக்கும் நான் பகிடியில்தான் இருந்தேன். இந்த மனிதர் தன் உடம்பால் உணர்ந்த பிறகும், கால் இல்லாதவனுக்கு வெட்கம் இருக்காது, பயம் இருக்காது, வேண்டாம் என்கிற சொல் இருக்காது என்று நினைக்கிறார். கால் போனால் அதோடு சேர்த்து வாயும் போய்விடும் என்று எந்த வைத்தியர் சொன்னார்? அவர் அதோடும் நிற்கவில்லை.

"நன்றி எண்டு ஒண்டு இருக்கு அண்ணை. அந்த மனிசன் இல்லாட்டி நீங்களும் நானும் இண்டைக்கு எங்கை?"

"என்ரை நன்றி என்னோடை. அதை நான் பணியாரமாக் குடுக்கிறன், கையெடுத்துக் கும்பிட்டும் குடுப்பன். அதைக் கொண்டுபோய் என்ரை பெடியன்ரை தலையிலை ஏத்தாதேங்கோ."

"அவனை ஒருக்கால் அந்தக் குழுவுக்கு எழுதின கடிதத்திலை இருந்து பேரை எடுக்கச் சொல்லுங்கோ."

"மாட்டன்."

என்னிடம் அலுவல் நடக்காது என்று கண்டதும் அவர் நேரே மதுராவின் அப்பாவிடம் போனார். அங்கே லிஃப்ட் வேலை செய்திருக்கவேண்டும். சம்பந்தி எனக்கு ரெலிபோன் எடுத்து, கல்யாண நேரத்தில் எதற்கு வீண் பிரச்சினை, சனம் கதைக்குது, மகளுக்குத்தான் கஷ்டம் என்று இழுத்தார். அதற்கு அடுத்த நாள் நீ எடுத்தாய். நான் ஹலோ சொல்ல முதலே சொன்னாய்.

"அப்பா, நான் பேரை எடுக்கிறன். எழுதி அனுப்பப்போறன். ஒண்டும் கதைக்காதேங்கோ."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானா எடுத்த முடிவு. மதுராவுக்கு இதாலை ஒரு கரைச்சலும் வரக்கூடாது."

அன்றைக்குப் பின்னேரமே தலைவர் வானொலியில் வந்தார். தம்பி தன்னுடைய பிழையை விளங்கிக்கொண்டு பெயரை எடுக்கிறார், பெருந்தன்மைக்கு நன்றி என்றார். பெருந்தன்மையாம். மேடையில் உன்னை ஏற்றியபோதும் அதே குரல்தான். மகன், அந்த மனிதர் உன்னை இரண்டாம் முறையும் தூக்கிவிட்டார். இந்த முறை நீ கையைக்கூட ஆட்டவில்லை.

எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. நேரே நீதவான் வீட்டுக்குப் போனேன். உனக்கு இது தெரியாது, அம்மாவுக்கும் இப்போது வாசிக்கும்போதுதான் தெரியும். கதவைத் திறந்தவர் என் கையைப் பார்த்தார். யூலுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று சிரித்தார். இன்றைக்குப் பணியாரம் இல்லை, வாயை மட்டும் கொண்டுவந்தேன் என்றேன், என் உடைந்த நொர்வேஜிய மொழியில். உள்ளே கூட்டிப்போய் இருத்தினார், கோப்பி தந்தார். நல்ல மனிதர் மகன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் கோபம் இரட்டிப்பாக வருகிறது. கெட்டவன் என்றால் ஏசிவிட்டுப் போகலாம். எங்கள் பொன்னாடை அவருடைய சோபாவில் கிடந்தது, அதன்மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை படுத்திருந்தது. தலைவர் அந்தப் பூனைக்கும் ஒரு கேடயம் கொடுக்கலாம்.

"உங்கள் மகன் என்னைத் தவறாக விளங்கிக்கொண்டார். நான் உங்கள் மக்களைப் புகழ்ந்துதான் சொன்னேன்" என்றார்.

"புகழ்ந்தீர்கள். அன்றைக்கு என்ன பார்த்தீர்கள், சொல்லுங்கள்."

"நாலு பேர். நல்ல உடுப்பில் இருந்தார்கள். ஒருவர் சிவப்புக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், வயதானவர், அவருக்குக் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும் கலங்கியது."

"என் மகனின் முகம்?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், நன்றாக நேரம் எடுத்து யோசித்தார்.

"நினைவில்லை" என்றார்.

"நீங்கள் முன்வரிசை, நடுக் கதிரை. தூக்கியவனின் கழுத்துப்பட்டி தெரிந்தது, தூக்கப்பட்டவனின் முகம் தெரியவில்லை. மாரித்தின் வழக்கிலும் இப்படித்தான் பார்த்தீர்களா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். நான் எழுந்தேன். நீங்கள் எனக்குச் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன், இந்த யூலுக்கும் பணியாரம் வரும், ஆனால் உங்கள் நியமனக் குழு கூடுகிற செவ்வாய்க்கிழமை என் மகனின் கூட்டத்தோடு நானும் உங்களுக்கு எதிராக அதன் வாசலில் நிற்பேன் என்றேன். இரண்டும் எப்படி ஒன்றாக முடியும் என்று கேட்டார். உங்களுக்குத்தான் சட்டம் தெரியும், எனக்கு இரண்டு கைதான் தெரியும், ஒரு கையால் கும்பிட முடியாது, ஆனால் ஒரு கையால் எதிர்ப்புப் பலகை பிடிக்கலாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வாசல் படியில் வழுக்கும் என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடிக்கட்டுமா என்று கேட்கவில்லை. அவர் மாறுவார் என்று நான் நம்பி வரவில்லை. என் வாயால் அவர் முகத்துக்கு நேரே சொல்லவேண்டியிருந்தது, சொல்லிவிட்டேன்.

மாரித்துக்கும் ரெலிபோன் எடுத்தேன். உன் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை, நீ எழுதித் தரும்வரை பெயர் இருக்கிறபடியே இருக்கும் என்றாள். அனுப்பாமல் ஏன் இழுக்கிறாய் என்று எனக்குத் தெரியும், அந்தளவுக்கு நீ இன்னும் என் பிள்ளைதான். நானும் வந்து நிற்கலாமா என்று கேட்டேன். உங்களுக்கு என்ன குறைபாடு என்று கேட்டாள். என் பிள்ளை சொல்வழி கேட்கமாட்டான் என்றேன். அது இங்கே எல்லாருக்கும் இருக்கிறது, வாருங்கள் என்றாள். உன் ஆட்கள் நல்ல ஆட்கள்.

இனித்தான் உண்மையான ஏச்சு. இதுவரை வந்தது தலைவருக்கும் நீதவானுக்கும். இது உனக்கு. போன ஞாயிற்றுக்கிழமை மதுரா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாலர் பாடசாலையில் வேலை செய்கிறவள், எப்போதும் சிரித்த முகம், என் பகிடிக்கு முதல் ஆளாகச் சிரிப்பவள். அன்றைக்கு மேலங்கியைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"மாமா, உங்கடை மகன் பேரை எடுக்கப்போறார் எண்டு எனக்கு ரேடியோவிலைதான் தெரியும்."

"உனக்காகத்தான் எடுக்கிறான் எண்டு சொன்னவன் பிள்ளை."

"என்னட்டைக் கேட்டவரோ?"

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் இருக்கவில்லை.

"எங்கடை அப்பா எனக்குக் கரைச்சல் எண்டு முடிவெடுத்தார். தலைவர் முடிவெடுத்தார். கடைசியிலை இவரும் முடிவெடுத்திட்டார். என்ரை நன்மைக்கு எண்டு எல்லாருமாச் சேந்து என்னைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு இடத்திலை வைச்சிட்டினம். எனக்கு எங்கை போகவேணும் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நான் அவர் பேப்பரிலை எழுதினதை வாசிச்சுத்தான் இவரோடை வாழலாம் எண்டு நினைச்சனான் மாமா. அதை எடுத்தால் நான் ஆரைக் கட்டுறது?"

கேட்டாயா? இதை நான் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. ஆசிரியரும் இந்த இடத்தைத் திருத்தக்கூடாது. அம்மா உள்ளே இருந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, உன்னை நான் இங்கே எழுதக்கூடாத ஒரு சொல்லால் ஏசினாள். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது.

மகன், அந்த நாலு பேருக்கும் நீதவானுக்கும் ஒரு சாட்டு உண்டு. அவர்களுக்கு உன்னைத் தெரியாது. உனக்கு என்ன சாட்டு? தூக்கப்படுகிறவனின் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று எங்கள் எல்லாரிலும் உனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே நீ அவளைத் தூக்கினாய். அன்பால்தான் செய்தேன் என்று சொல்லாதே. அந்தச் சொல்லை இந்த மாதம் முழுக்கக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஒன்றை மட்டும் செய்: எந்த நல்லதைச் செய்வதற்கு முன்னும் அவளிடம் ஒரு சொல் கேள். நான் உன் அம்மாவிடம் கேட்பதில்லையே என்று திருப்பிக் கேட்பாய். உன் அம்மா நான் கேட்கும்வரை காத்திருப்பதில்லை, தானே சொல்லிவிடுவாள்.

இப்போது அவளுக்கு ரெலிபோன் எடு. எனக்குப் பிறகு எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். அவள் ஏசும்போது குறுக்கே கதைக்காதே, என் பகிடிகளைக் களவெடுத்து அவளிடம் விடாதே, அவளுக்கு எல்லாம் தெரியும். மாரித்துக்கு எழுதி வைத்திருக்கிற கடிதத்தை என்ன செய்வது என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நானும் உன்னைத் தூக்கினவன் ஆகிவிடுவேன். எனக்கு என்ன விருப்பம் என்று இத்தனை பக்கம் எழுதிவிட்டேன், முடிவு உன்னுடையது.

இந்த இதழ் வந்த மூன்றாம் நாள், குழு கூடுகிற செவ்வாய்க்கிழமை காலை, மதுரா வேலைக்கு லீவு போட்டிருக்கிறாள். அவள் அப்பாவுக்கும் சொல்லிவிட்டாள், அவர் இன்னும் வாயை மூடவில்லையாம். பலகையில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டாள். எனக்கு வந்ததெல்லாம் பத்திரிகையில் போட முடியாதது, அதனால் அவளே எழுதிக்கொள்கிறாள். எட்டு மணி ரயிலுக்கு நாங்கள் இரண்டு பேரும் புருசெத் ஸ்டேஷனில் நிற்போம். அந்த ரயில் உன் பக்கத்தில் இருந்துதான் வருகிறது. முதல் பெட்டிக் கதவுக்கு நேரே நிற்போம். கதவு திறக்கும்போது உள்ளே நீ இருந்தால் தள்ளி இடம் விடு, எங்களிடம் பெரிய பலகை இருக்கிறது. இல்லாவிட்டாலும் நாங்கள் ஏறுவோம்.

உன் அப்பா